சாவுக்குப் புதுப்பெயர்

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, மணற்கோட்டை என்ற சீமையை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆளுகையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மனுஷனுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் அது உலகத்திலேயே இருக்கக் கூடாது. ஒரு நாள் கத்தரிக்காய் கசந்தது என்று ஊரிலுள்ள கத்தரித் தோட்டத்தையெல்லாம் உழச் சொன்னவர். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரிக்கிற காலம் அதோடு சரி.

அவருக்கு ஒரே பிள்ளை, திருமாறன். மீசை அரும்புகிற வயசில் வைசூரி கண்டு செத்துப்போனான்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும், கேதம் சொல்கிற ஆள் வாசலில் வந்து நின்று, இன்னார் செத்துப்போனார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளை மடியிலேயே உயிரை விட்டிருந்தாலும் சரி, அவன் சொன்ன பிறகுதான் அழலாம். அதற்கு முன் அழுதால் போகிற உயிருக்கு வழி மறிக்கும் என்று நம்பினார்கள்.

கேதம் சொல்லும் வேம்பன் அரண்மனைக்கு வந்தபோது ராஜா அவனைப் படியேற விடவில்லை. "அந்தச் சொல் என் காதில் விழக் கூடாது. என் நாட்டில் எவன் வாயிலும் வரக் கூடாது. வந்தால் நாக்கு இருக்காது" என்றார். பிள்ளையை எரித்துவிட்டு வந்தார்கள். அரண்மனையில் ஒரு விசும்பல் கேட்கவில்லை. பெற்றவள், பெரிய ராணி, வறண்ட கண்ணோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

ஆனால் ராஜா சொன்னதற்காகச் சாவு நிற்குமா? அதைச் சொல்ல ஒரு சொல் வேண்டுமே. அதற்கென்றே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார் மருதையாப் புலவர். மந்திரி தாண்டவராயரின் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாகவே ஒரு கண்.

"இறந்தார் என்று சொல்லட்டும், மகாராஜா. கடந்து போனார் என்றுதான் பழைய நூல்களில் பொருள். ஆற்றைக் கடக்கிற மாதிரி" என்றார். ராஜா தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

ஊர் அப்படியே சொல்லிப் பழகியது. பழகப் பழக அந்தச் சொல்லிலும் பிண வாடை ஏறியது. ராஜா அதையும் தடுத்தார். புலவர் 'உறங்கினார்' என்று கொடுத்தார், அதுவும் அப்படியே ஆயிற்று. அப்புறம், தொட்டிலில் கிடக்கிற பிள்ளை உறங்குகிறது என்று சொல்லக்கூடத் தாய்மார் பயந்தார்கள். செத்துப்போனார் என்று கேதம் விழாததால் சாவு வீட்டிலும் யாரும் அழவில்லை. அடுத்து 'மலையேறினார்' வந்தது, தடையும் வந்தது. தன் தம்பி விறகுக்கு மலையேறியிருக்கிறான் என்று சந்தையில் யதார்த்தமாகச் சொன்ன கொண்டையனுக்கு நாக்குப் போனது. தாண்டவராயர் அன்று பக்கத்தில்தான் நின்றார். வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

ஒரு நாள் பெரிய ராணி வேம்பனுக்கு ஆள் விட்டாள். "எனக்கு அழ வேண்டும், அப்பா. வந்து சொல்லிவிட்டுப் போ" என்றாள். வேம்பன் அவள் அறை வாசலில் நின்றான். "தாயே, உங்கள் மகன் செத்து..." என்பதற்குள் காவலர் அவன் வாயைப் பொத்தி இழுத்துப்போனார்கள். ராணியின் அழுகை நெஞ்சோடு நின்றுபோனது.

சபையில் வேம்பனைக் கட்டி நிறுத்தினார்கள். கத்தியும் வந்தது.

"மந்திரியார் ஏவாமல் இவனுக்கு இத்தனை தைரியம் ஏது?" என்று கொளுத்திப் போட்டார் புலவர்.

ராஜா மந்திரியைப் பார்த்தார். "என் மனசு நோகாத ஒரு சொல்லை இப்போதே சொல்லும். சொன்னால் இவன் நாக்குத் தப்பும். இல்லையென்றால் இவனோடு உம்முடையதும் போகும்."

தாண்டவராயர் புலவர் பக்கம் திரும்பினார். "புலவரே, நீர் கொடுத்த சொல்லெல்லாம் ஏன் இப்படிக் கெட்டுப்போகிறது?"

"இனிப்புப் போதவில்லை, மந்திரியாரே. நாட்டிலேயே இனிமையான சொல்லை வைத்தால் அந்தச் சங்கதியே இனித்துப்போகும். என் நாக்கின் மேல் சத்தியம்."

"புலவர் சொன்னால் சரிதான். அப்படி ஒரு சொல் என்னிடம் இருக்கிறது, மகாராஜா. உங்களுக்கு அதைவிட இனிமையான சொல் கிடையாது. திருமாறன்."

சபையில் அந்தப் பெயரைச் சொல்லி எத்தனையோ காலமாயிற்று.

"நாளையிலிருந்து ஊர் இப்படிச் சொல்லட்டும். வண்ணான் துறையில் கிழவன் திருமாறனானான். மாட்டுக்காரன் பெண்டாட்டி பிரசவத்தில் திருமாறனானாள். சொறி பிடித்து ஒரு நாய் தெருவில் திருமாறனாகிக் கிடக்கிறது, இழுத்துப் போடுங்கள்..."

"நிறுத்தும்." ராஜா எழுந்துவிட்டார். "என் பிள்ளை பெயரைப் பிணத்தின் மேலா போடுகிறீர்? அந்தப் பெயரைக் கேட்டாலே ஊர் முகம் சுளிக்கும், ஐயா."

"ஏன் சுளிக்கும், மகாராஜா? இனிமையான சொல்தானே? புலவர் நாக்கின் மேல் சத்தியம் செய்திருக்கிறாரே." என்றார் தாண்டவராயர். "புளிப்பானையில் எந்தப் பாலை ஊற்றினாலும் திரியத்தான் செய்யும். பாலை மாற்றி மாற்றி ஊற்றினோம். சொல் நோகடிக்கவில்லை, மகாராஜா. பிள்ளை போனது நோகிறது. அதற்குக் கொண்டையன் நாக்கை அறுத்தோம். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்."

ராஜா தாமே இறங்கிவந்து வேம்பனின் கட்டை அவிழ்த்தார். புலவரைப் பார்த்து, "சங்கிலியைக் கழற்றும். அதைக் கொண்டையன் வீட்டில் கொடும். இனி அவனுக்காகப் பேச வேண்டியதெல்லாம் உம்முடைய வாய்தான் பேச வேண்டும். இருக்கிற நாக்கு அதற்கு உதவட்டும்" என்றார். மந்திரிக்குத் தம் மோதிரத்தைக் கழற்றி நீட்டினார்.

தாண்டவராயர் அதை வாங்கவில்லை. "எனக்கு வேண்டாம், மகாராஜா. அங்கே பெற்றவள் ஒருத்தி காத்திருக்கிறாள்" என்றார்.

ராஜா அந்தப்புரத்துக்கு நடந்தார். உள்ளே போகவில்லை. கேதம் சொல்கிறவன் நிற்கிற மாதிரி, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அம்மா," என்றார், "உங்கள் மகன் திருமாறன் செத்துப்போனான்."

ராணி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். அவள் போட்ட ஓலம் மணற்கோட்டையின் கடைசித் தெரு வரைக்கும் கேட்டது. அதைக் கேட்ட பிறகு வீட்டுக்கு வீடு அழுகை எழும்பியது, அத்தனை நாளும் அழ ஆளில்லாமல் போய்ச்சேர்ந்த அத்தனை பேருக்காகவும். கொண்டையனின் அழுகையில் மட்டும் சொல் எதுவும் இல்லை.