மணல்திட்டில் ஒரு பியானோ

கொரியாவில் ஓர் அகலமான ஆறு. ஆற்றுக்கு நடுவில் ஒரு மணல்திட்டு. பதினாறு சுமைகாரர்கள் ஒரு பியானோவை அங்கே இறக்கி வைத்துவிட்டு, இனிமேல் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

விடிந்து ரொம்ப நேரமாகியும் பனி விலகவில்லை. கரை தெரியவில்லை, வானம் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் வெள்ளை. அதற்கு நடுவில் கறுப்பாக ஒரு பெட்டி. யாரோ கனவில் வைத்து மறந்துவிட்டுப் போனது மாதிரி நின்றது.

"உள்ள பேய் இருக்கு," என்றார் சுமைகாரர்களின் தலைவர் மாங்செ. "எட்டு வைக்கிறப்பல்லாம் முனகுது."

"அது கம்பிங்க. குலுங்கினா சத்தம் வரும்," என்றார் தல்சு.

"ஐயா, நாங்க பாடை தூக்குறவங்க. முப்பது வருஷமாத் தூக்குறோம். ஒரு பிணம்கூட இப்படி முனகினதில்ல."

யாரோ சிரித்தார்கள். ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

தல்சுவுக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷம் அரண்மனையில் குழல் ஊதியவர். அதை விட்டுவிட்டு மூன்று வருஷமாக ஹாம் இன்சொக்கிடம் மேல்நாட்டு இசை படிக்கிறார். இன்சொக் கடல் தாண்டிப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். கொரியப் பாட்டை மேல்நாட்டு முறையில் ஐந்து கோடு போட்டுச் சுரமாக எழுத ஆரம்பித்த முதல் ஆட்களில் ஒருவர். ஊரில் பாதிப் பேர் அவரை மேதை என்றார்கள், மீதிப் பேர் கிறுக்கன் என்றார்கள். வயது முப்பத்தொன்றுதான். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் முன்னால் உட்கார்ந்து "தப்பு, திரும்ப எழுதுங்க" என்று அவர் சொல்லக் கேட்பது லேசில்லை. தல்சுவுக்குப் பல நாள் எரிச்சல் வந்திருக்கிறது. இன்சொக் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அதனால் தாங்கிக்கொண்டார்.

நாளைக்கு அக்கரையில், பள்ளிக்கூட மண்டபத்தில், தல்சு எழுதிய முதல் பாட்டு அரங்கேறுகிறது. இன்சொக் பியானோ வாசிப்பார். தல்சு பாடுவார். அந்தப் பாட்டு இப்போது அவருடைய தோள்மூட்டைக்குள் இருந்தது.

இரண்டு நாளைக்கு முன்னால் அரண்மனைக் காலத்துக் கூட்டாளி ஒருவர் அவரைத் தெருவில் நிறுத்தினார். பெயர் சிம். "இருபது வருஷம் குழல் ஊதின வாயி," என்றார். "இப்ப அந்நியன் எச்சிலை நக்குதா? அந்தப் பெட்டிக்குள்ள நம்ம பாட்டு எங்கடா இருக்கு?"

தல்சுவால் பதில் சொல்ல முடியவில்லை. தெரிந்தால்தானே சொல்வது.

மணல்திட்டின் மறுபக்கம் ஒரு படகு நின்றது. ஊருக்குத் திரும்பும் படகு. தல்சு மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். பதில் கிடைத்தால் அக்கரை. கிடைக்காவிட்டால் இந்தப் படகு. வீட்டுக்குப் போய்ப் பாட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

இன்சொக் மணலில் சம்மணம் போட்டுச் சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தார்.

"வாத்தியாரே, ஒரே ஒரு கேள்வி. சுத்தி வளைக்காமச் சொல்லணும். இந்தப் பெட்டிக்குள்ள நம்ம பாட்டு இருக்கா, இல்லையா? இல்லேன்னா நான் இந்தப் படகுலயே திரும்பிடுறேன்."

இன்சொக் விரலை நக்கிவிட்டு எழுந்தார்.

"செருப்பைக் கழட்டுங்க அண்ணே."

"என்னது?"

"ஒரு செருப்பு போதும்."

தல்சு வைக்கோல் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். மணல் சில்லென்று இருந்தது. இன்சொக் மண்டியிட்டு, பியானோவின் அடியில் இருந்த வலது கால்மிதியைக் கையால் அமுக்கி, அதற்கு மேலே கிடைத்த இடுக்கில் செருப்பைத் திணித்தார். மிதி அப்படியே நின்றது. உள்ளே கம்பிகளை அமுக்கிக்கொண்டிருந்த கம்பளிக் கட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விலகின. பெட்டி ஒரு பெருமூச்சு விட்டது. சுமைகாரர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"மாங்செ," என்றார் இன்சொக். "தூக்க வேண்டாம். தூக்குறப்ப ஒரு பாட்டு பாடுவீங்களே, அதைப் பாடுங்க. பெட்டிக்குப் பக்கத்துல வந்து, சத்தமா."

"அது சாவுப் பாட்டு ஐயா."

"தெரியும்."

மாங்செ மற்றவர்களைப் பார்த்தார். வேண்டா வெறுப்பாக வந்து நின்றார்கள். அவர் ஓர் அடி எடுத்துக் கொடுத்தார். பதினைந்து பேரும் "ஓஓ" என்று இழுத்து வாங்கினார்கள். இன்னோர் அடி. இன்னோர் "ஓஓ". இன்சொக் சட்டென்று கையைத் தூக்கினார். எல்லோரும் நிறுத்தினார்கள்.

பெட்டி நிறுத்தவில்லை.

"ஓஓ" என்றது. பதினாறு பேர் ஆற்றுக்கு அடியில் நடந்து போய்க்கொண்டே பாடுகிற மாதிரி இருந்தது. தூரம் போகப் போகக் குரல் தேய்ந்தது. கடைசியில் எது பாட்டு, எது பனி என்று தெரியாமல் போய்விட்டது.

"மாமா, யாரு உள்ள?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

மாங்செ பெட்டியின் பலகையில் காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். "என் குரல்தான்டா," என்றார். "பேய்தான். ஆனா நம்ம ஊர்ப் பேய்."

அவ்வளவுதான், பயம் போயிற்று. ஒவ்வொருத்தராக வந்து கத்திப் பார்த்தார்கள். ஒருவர் தன் எருதின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெயர் திரும்பி வரவில்லை, கூப்பிட்ட இழுப்பு மட்டும் வந்தது. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்.

"உன் பொண்டாட்டிய இவ்வளவு ஆசையாக் கூப்பிட்டிருக்கியா?" என்றார் இன்னொருவர்.

தல்சு எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போனார். தன் பாட்டைப் பாடினார்.

முதல் வரி திரும்பி வந்தது. இரண்டாவது வரியும் வந்தது. அவருக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பு வந்தது.

மூன்றாவது வரியில் ஓர் இடம் உண்டு. குரல் ஒரு சுரத்திலிருந்து கிளம்பி, அடுத்த சுரத்துக்குப் போய்ச் சேராமல், நடுவிலேயே நின்று நடுங்கும். அரண்மனைக் குழலில் அவர் ஆயிரம் தடவை ஊதிய நடுக்கம். அதைப் பாடி நிறுத்தினார்.

முதல் சுரத்தின் கம்பி லேசாக முனகியது. அடுத்த சுரத்தின் கம்பி லேசாக முனகியது. நடுவில் ஒன்றுமே இல்லை.

திரும்பப் பாடினார். இல்லை. தொண்டை கிழியப் பாடினார். இல்லை.

"அது வரல வாத்தியாரே."

"வராது."

"அதுக்கு உண்டான கம்பி எங்க?"

"கிடையாது. இந்தக் கம்பி இருக்கு, அந்தக் கம்பி இருக்கு. நடுவுல எதுவும் வைக்கல."

"என் பாட்டே அந்த நடுவுலதான இருக்கு!"

"ஆமா."

தல்சு அவர் முகத்தைப் பார்த்தார். இன்சொக் கேலி செய்யவில்லை. ஆறுதல் சொல்லவும் இல்லை.

படகுக்காரர் கூப்பிட்டார். "வர்றீங்களா ஐயா? கிளம்பப் போறேன்!"

தல்சு மூட்டையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அப்ப சிம் சொன்னதுதான் சரி. மூணு வருஷம் ஒரு அரைகுறைப் பெட்டிகிட்ட குப்புற விழுந்து கிடந்திருக்கேன்."

இன்சொக் குனிந்து இடுக்கிலிருந்து செருப்பை உருவினார். உள்ளே மிச்சமிருந்த முனகல் பட்டென்று அடங்கியது. செருப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். தல்சுவின் வெறும் காலுக்கு முன்னால் அதை நேராக வைத்தார்.

"அரைகுறைதான் அண்ணே," என்றார். "அது முழுசா இருந்தா, உங்களை எதுக்குக் கூட்டிட்டு வர்றேன்?"

படகுக்காரர் இன்னொரு தடவை கூப்பிட்டார். தல்சு செருப்பை மாட்டிக்கொண்டு, மூட்டையைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தார்.