தண்ணீர் படாத மாலை

பூச்சந்தையின் ஈரத் தரையில் ஒருவர் வழுக்கி விழுந்தார். உடனே சந்தை அதிகாரி கனகசபாபதி யாரையும் கேட்காமல் ஒரு சட்டம் போட்டார்: சந்தைக்குள் பூவுக்குத் தண்ணீரே தெளிக்கக் கூடாது. அவர் தலை மறைந்ததும் எல்லாரும் தெளித்தார்கள். தரை ஈரமாகவே கிடந்தது.

ஒருநாள் பூக்காரி வேலுத்தாய் கையும் செம்புமாக அவரிடம் மாட்டிக்கொண்டாள். "நாளைக்குச் சாயங்காலம் எனக்குப் பாராட்டு விழா. காலையிலேயே ரோஜா மாலை கட்டி வை. ஒரு சொட்டுத் தண்ணீர் பார்த்தேன், உன் கடை போச்சு!" என்றார் அவர்.

"சட்டப்படியே செய்யறேங்கய்யா" என்றாள் வேலுத்தாய்.

விழா மேடையில் மாலை கழுத்தில் விழுந்ததும் இதழெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து, கனகசபாபதி கழுத்தில் வெறும் நார் தொங்கியது. கூட்டம் சிரித்தது.

"என்னம்மா இது?" என்று மாலை கொண்டுவந்திருந்த வேலுத்தாயைக் கேட்டார்.

"உங்க சட்டங்கய்யா. இன்னிக்குத்தான் முதல் தடவையா மீறாம இருந்திருக்கேன்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ தரை காய என்ன வழி?"

"எங்களைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்போமே! தட்டுல ஈரச் சாக்கை விரிச்சுப் பூவை வெச்சா, பூவும் வாடாது, தரையும் நனையாது."

மறுநாள் பூக்காரிகளோடு உட்கார்ந்து சட்டத்தை மாற்றினார்: பூவுக்கு ஈரச் சாக்கு; தரையில் மட்டும் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. தரை காய்ந்தது.

பிறகொரு நாள் டீ குடித்த அதிகாரி, டம்ளர் கழுவிய தண்ணீரைத் தரையில் ஊற்றப் போனார். சந்தையே கத்தியது: "ஐயா! அது நம்ம சட்டம், மீறாதீங்க!"