அழுகின தக்காளிக்குச் சொந்தக்காரர்

செங்காயிக்குச் சந்தையைக் கூட்டிப் பெருக்குகிற வேலை. சிதறிக் கிடக்கும் முட்டைக்கோஸ் இலையையும் அழுகின தக்காளியையும் வாரி, மூலையில் இருக்கும், குப்பையிலிருந்து கேஸ் எடுக்கும் தொட்டியில் போடுவாள். கேஸ் டீக்கடை அடுப்புக்குப் போகும். தொட்டியிலிருந்து வழியும் கரைசலில் தண்ணீர் கலந்து, மதிலோரம் தான் போட்ட அரைக்கீரைப் பாத்திக்கு ஊற்றுவாள். கீரை தளதளவென்று வந்தது.

அதைப் பார்த்ததும் சந்தைக் குத்தகைதாரர் அங்கமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

"சந்தைக்குள்ள உதிர்ற இலைதழை எல்லாம் குத்தகைக்காரனுக்குத்தான். அதுல விளைஞ்ச கீரையும் எனக்குத்தான். இல்லேன்னா என் தக்காளியைத் திருப்பிக் கொடு" என்றார்.

கூட்டம் கூடிவிட்டது. கரைசலாகிப் போனதை எப்படித் தக்காளியாக்குவது? செங்காயி பதறவில்லை.

"அப்ப இந்தச் சந்தையில அழுகுற ஒவ்வொரு காயும் உங்களதுங்களா?"

"ஆமா, ஒவ்வொரு காயும். ஊரே கேட்டுக்கட்டும்."

கூட்டத்தில் நின்ற பள்ளிக்கூட வாத்தியாரைச் செங்காயி திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டீங்களா வாத்தியாரய்யா? பள்ளிக்கூடச் சாக்கடையை அடைச்சுக் கிடக்குற சந்தைக் குப்பையை அள்ளச் சொல்லி எத்தனை தடவை வந்தீங்க. அது யார் கொட்டினதோன்னு இவரு கையை விரிச்சாரு. இன்னைக்குச் சொந்தக்காரர் கிடைச்சுட்டாருங்க."

டீக்கடைக்காரர் சிரிக்காமல் ஒரு தள்ளுவண்டியை உருட்டி வந்து குத்தகைதாரர் முன்னால் நிறுத்தினார். வாத்தியார் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அதன்மேல் வைத்தார்.

அங்கமுத்துவின் குரல் இறங்கிவிட்டது. "ஏம்மா, அழுகின காய்க்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அதைத்தானுங்க நானும் யோசிச்சிட்டிருந்தேன்" என்றபடி செங்காயி கரைசல் வாளியைத் தூக்கிக்கொண்டு கீரைப் பாத்திக்குப் போனாள்.