அடைமுட்டைக்கு வந்த வழக்கு

தன் வயலில் வாத்து இறங்கிவிட்டது என்று, வாத்து மேய்க்கிற சடைச்சியின் அடைமுட்டைக் கூடையை மிராசுதார் பறித்துக்கொண்டார்.

"உசிரு பிடிச்ச முட்டைங்க சாமி, பொரிச்சுத் தின்னுடாதீங்க" என்றாள் சடைச்சி.

"உடைக்காம அந்த உசிரைக் காட்டு. காட்டலேன்னா வாத்துக்கூட்டமும் எனக்குத்தான்!"

சடைச்சி மிராசுதார் வீட்டுக் கதவு, ஜன்னலெல்லாம் சாத்தச் சொன்னாள். சாவித்துவாரத்தில் வந்த வெயிலுக்கு நேராக ஒரு முட்டையைப் பிடித்தாள். முட்டை அகல்விளக்காய்ச் சிவந்தது. உள்ளே நூல்நூலாய் ரத்தம். நடுவில் கடுகளவு பொட்டு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

மிராசுதார் முட்டைக்கு அருகே குனிந்தார்.

"இதுல வாத்து எங்கே?" என்றார் மெதுவாக.

"வாத்து இனிமேதான் ஆகும் சாமி. மீனு, கோழி, நீங்க, நான் எல்லாரும் ஆரம்பத்துல இந்தத் துடிப்புதான். மிராசுதார் ஆகுறதெல்லாம் அப்புறம்."

மிராசுதார் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வேலையாட்களைப் பார்த்துக் கத்தினார்:

"கதவைத் திறந்து அவளைக் கூடையோட விடுங்கடா, முட்டை ஆறிடப் போகுது!"