பம்பையனின் சக்கைக் குவியல்

கால்களில் சாறு வழிய வழிய, கல்தொட்டிக்குள் தொம் தொம்மென்று குதித்துத் திராட்சை மிதித்துக்கொண்டிருந்தது பம்பையன் என்கிற கரடி. அந்த மலைக்காட்டில் திராட்சை மது வடிக்க அதை விட்டால் ஆள் கிடையாது. சாற்றைப் பானையில் ஊற்றி மூடிவிட்டுப் பக்கத்திலேயே தவம் கிடக்கும். “இன்னும் ஆகலையா?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

“அவசரப்பட்டா புளிச்ச தண்ணிதான் கிடைக்கும், போ!” என்று விரட்டும்.

இத்தனை பொறுமைசாலி, மிதித்து முடித்த சக்கையை மட்டும் ஒரு நாள்கூட வைத்திருக்காது. தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் கூடையில் அள்ளிக்கொண்டு போய்ச் சரிவுக்குக் கீழே இருந்த குளத்தில் கவிழ்த்துவிடும். கண்ணுக்கு மறைந்தால் கவலை விட்டது என்று அதற்கு நினைப்பு.

அந்த வருஷம் விளைச்சல் அமோகம். சக்கையும் அமோகம். குளத்துத் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக மாறி, நுரைத்து, நாற ஆரம்பித்தது. குளத்தில் குடியிருந்த நீர்நாய் சிலம்பாயி, ஒரு பெரிய கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தது.

“பம்பையா! வந்து பாரு, மீனெல்லாம் மூச்சு முட்டி வாயப் பிளந்துக்கிட்டு மிதக்குது! என் குட்டிங்களுக்குக் குடிக்கத் தண்ணியும் இல்ல, தின்ன மீனும் இல்ல!”

“கொஞ்சம் தோல்தானேக்கா...”

“கொஞ்சமா? குளமே நாறுது! இன்னொரு கூடை விழட்டும், உன் தொட்டி சுக்குநூறாயிடும்!”

பின்னால் நின்ற காட்டெருமை, ஆமாம் என்பது போலக் கொம்பை ஆட்டியது. பம்பையன் தன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தது. தொட்டி போனால் மது இல்லை. மது இல்லாவிட்டால் அதுவும் காட்டில் திரிகிற பத்தோடு பதினொன்றாவது கரடிதான்.

“சத்தியமா இனி கொட்ட மாட்டேன்!” என்று தலையில் அடித்துச் சொன்னது.

சொல்லிவிட்டது, சரி. சக்கையை எங்கே போடுவது? குகைக்குப் பின்னால் குவித்தது. குவியல் மலை மாதிரி வளர்ந்தது. கொடியில் வந்ததைக் கொடிக்கே போட்டால் என்ன என்று தோன்ற, தன் செல்லக் கொடியின் வேரில் பச்சைச் சக்கையை அப்படியே அள்ளி அப்பியது. சில நாளில் இலையெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டது. காட்டுப்பன்றிகள் வந்து குவியலைத் தின்றுவிட்டு, போதை தலைக்கேறி ஒன்றையொன்று “மாமா, மாப்பிள்ளை” என்று கட்டிப்பிடித்து அழுதன. அந்தக் கூத்தை ஏன் கேட்கிறீர்கள்!

“சனியன், இது எதுக்குமே உதவாது!” என்று பம்பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்தது.

ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தால், குவியலின் உச்சியிலிருந்து புகை! பம்பையன் கண்ணைக் கசக்கிப் பார்க்கும்போதே, ஊசிமூக்கன் என்ற நரி ஓடோடி வந்தது.

“ஐயையோ அண்ணே! உள்ளுக்குள்ள நெருப்புப் பிடிச்சிருச்சு! வெயில் காலம் வேற. காடே பத்திக்கப்போகுது!”

“என்னடா பண்றது?”

“தண்ணில தள்ளுறதுதான் ஒரே வழி. யாரும் முழிக்கிறதுக்குள்ள குளத்துல தள்ளிடுங்க. கேட்டா, போதையில பன்னிங்க உருட்டி விட்டுச்சுன்னு நான் சாட்சி சொல்றேன்!”

பயத்தில் பம்பையனுக்குப் புத்தி வேலை செய்யவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, குவியலுக்குள் கையை விட்டது. சூடு! சட்டென்று கையை இழுத்தது. ஆனால் கை வெந்துபோகவில்லை. அதற்குச் சந்தேகம் வந்தது. மறுபடி கையை விட்டுப் பார்த்தது. கருகிய வாசனையே இல்லை, ஈரமான நீராவிதான் வந்தது. காதை வைத்துக் கேட்டது. உள்ளே “உஸ்ஸ்... உஸ்ஸ்...” என்று மெல்லிய சத்தம்.

இந்தச் சத்தம் அதற்குத் தெரியாதா? எத்தனை பானைகளுக்குக் காவல் இருந்திருக்கிறது! குகைக்குள் ஓடிப் போய், புதுச் சாறு ஊற்றிய பானையில் காதை வைத்தது. அதே சத்தம். தொட்டுப் பார்த்தது. அங்கேயும் சூடு.

“அடேய்! இது நெருப்பு இல்லடா, பொங்குது! சாறு பொங்கி மதுவாகுற மாதிரி சக்கையும் பொங்கி ஏதோ ஆகப்போகுது. நான்தான் அதுக்குள்ள அவசரப்பட்டுட்டேன்!”

“பொங்குதோ, புகையுதோ! முதல்ல குளத்துல தள்ளுங்கண்ணே!” என்று நரி பதறியது.

“உனக்கு ஏன்டா இவ்வளவு அவசரம்?”

“பின்ன? மீன் செத்துக் கரை ஒதுங்கினாத்தானே எனக்குக் காலைச் சாப்பாடு!”

சொன்ன பிறகுதான் நரிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. பம்பையன் கூடை நிறையச் சக்கையை அள்ளியது. அதை அப்படியே நரியின் தலையில் கவிழ்த்தது. ஊசிமூக்கன் அந்த மாதம் முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில்தான் திரிந்தது.

அன்றிலிருந்து பம்பையன் சாற்றைக் கவனித்தது போலவே சக்கையையும் கவனித்தது. காய்ந்த சருகைக் கொண்டுவந்து கலந்தது. யானைச் சாணியைச் சேர்த்தது. அடியில் இருப்பது மேலே வரும்படி புரட்டிப் புரட்டிப் போட்டது. இடுப்பு ஒடிந்துபோன நேரத்தில் காட்டுக்கோழிகள் கூட்டமாக வந்து இறங்கின. விதையையும் புழுவையும் பொறுக்குகிற சாக்கில், அவையே குவியலைக் கிளறிக் கொடுத்தன. கூலியும் கேட்கவில்லை.

சிலம்பாயி இடையில் வந்து எட்டிப் பார்த்தது. “இன்னும் ஆகலையா?”

“அவசரப்படாதீங்கக்கா!” என்றது பம்பையன். இந்தத் தடவை கோபம் வரவில்லை.

மெல்ல மெல்லச் சூடு அடங்கியது. புளிப்பு நாற்றம் போய், புதுமழை நனைத்த மண்ணின் வாசனை வந்தது. குவியல் கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. பம்பையன் பயந்துகொண்டே ஒரு பிடி எடுத்து, வாடிக் கிடந்த செல்லக் கொடிக்குப் போட்டது. தினமும் போய்ப் பார்த்தது. ஒரு நாள் கணுவில் பச்சையாக ஒரு துளிர்! அவ்வளவு பெரிய கரடி, அதன் முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதது. எல்லாம் சந்தோஷ அழுகைதான். மழை பெய்து பழைய தண்ணீர் வெளியேற, குளமும் தெளிந்தது. நீர்நாய்க் குட்டிகள் மறுபடி மீனைத் துரத்தின.

அடுத்த அறுவடையில் குகை வாசலில் நீண்ட வரிசை. எல்லோரும் மதுவுக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பம்பையன் மீசையை நீவிக்கொண்டு பானையோடு வந்தது.

“பானையை உள்ள வை பம்பையா!” என்றது வரிசையில் முதலில் நின்ற சிலம்பாயி. “கரையில நாணல் நடணும். உன் கொடியைத் துளிர்க்க வெச்ச அந்தக் கறுப்பு மண்ணுல ரெண்டு கூடை குடு!”

“எனக்கு நாலு!” என்று பின்னாலிருந்து காட்டெருமை கத்தியது.

“அப்போ என் மது?” என்றது பம்பையன்.

“அது கிடக்கட்டும், முதல்ல மண்ணை அள்ளு!” என்றது மொத்த வரிசையும்.

ஆகவே, நல்லதென்று நினைப்பதற்குக் காட்டும் அதே பொறுமையைக் கழிவென்று ஒதுக்குவதற்கும் காட்டினால், அதுவும் நமக்குச் செல்வமாகும்.