வெட்டாத எட்டுப் பக்கம்

பழைய புத்தகம் சேர்க்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பாளையங்கோட்டையில் இருந்த இந்த இருவர் மேல் மட்டும் கிடையாது. காரணத்தைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற ஜெபமணியும், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த தணிகாசலமும் பழைய ஆங்கில நாவல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்கள். கொடைக்கானலில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது, இருநூறு வருஷத்துக்கு முந்தைய நாவல் ஒன்று அகப்பட்டது. மூன்று பாகம், கன்றுத்தோல் அட்டை. இருவரும் சேர்ந்து வாங்கினார்கள்.

அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்து, மடித்துத் தைப்பார்கள்; வாங்கியவர்தான் மடிப்பை வெட்டி வாசிக்க வேண்டும். இதில் மூன்றாம் பாகத்தின் கடைசி எட்டுப் பக்கங்களுக்குத் மேல் ஓரத்து மடிப்பு மட்டும் வெட்டுப்படாமல் நின்றது. அப்படிப்பட்ட பிரதிக்குத் தனி மதிப்பு. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் கத்தி வைப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். புத்தகம் ஜெபமணி வீட்டில் இருந்தது.

ஜெபமணியின் மனைவி கிரேஸம்மாள் புற்றுநோயில் படுத்தாள். அவர் தினமும் மாலையில் அந்த நாவலை வாசித்துத் தமிழில் சொல்லுவார். வீட்டைவிட்டு வெளியேறிய ஒரு பெண்ணின் கதை. கடைசி எட்டுப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

"அந்தப் பிள்ள வீடு வந்து சேந்தாளா இல்லையா? அத மட்டும் சொல்லிருங்க" என்றாள் கிரேஸம்மாள். கட்டாயம் சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

வேறு பிரதி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தணிகாசலத்தை வரவழைத்துச் சம்மதம் கேட்டார்.

"கத்தி பட்டா புஸ்தகம் செத்துது வே. சத்தியம் பண்ணினீரா இல்லையா?" என்றார் தணிகாசலம்.

"சாகக் கிடக்கது என் பொண்டாட்டி. நீரு புஸ்தகத்துக்கு அழுதீரு!"

"பொண்டாட்டியச் சாக்கு வச்சு என் பங்கையும் நாசமாக்கப் பாக்கீரு. திருட்டுப் புத்தி!"

நான்கு நாள் இதே ரகளை, அவள் படுத்திருந்த அறைக்கு வெளியே. தணிகாசலம் தினமும் வந்து மடிப்பைத் தடவிப் பார்ப்பார், ஏசிவிட்டுப் போவார். ஐந்தாம் நாள், அவர் கண்ணெதிரிலேயே ஜெபமணி பேனாக்கத்தியால் மடிப்பை வெட்டினார். புத்தகத்தோடு உள்ளே ஓடினார். கிரேஸம்மாளுக்குக் காலையிலேயே நினைவு தப்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தார். மறுநாள் அவள் இறந்துபோனாள்.

கொடுத்த சத்தியத்தில் கடைசிவரை நின்ற தணிகாசலம், மனைவிக்குக் கொடுத்த வாக்குக்காக அதை மீறிய ஜெபமணி: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: இருவர் செய்ததும் சரியில்லை. மடிப்பு மேல் ஓரத்தில் மட்டும்தான். அடியிலும் பக்கவாட்டிலும் தாள் திறந்தே இருந்தது. அடியிலிருந்து லேசாக வளைத்து டார்ச் அடித்தால், வெட்டாமலே வாசித்துவிடலாம். பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கச் சேகரிப்பாளர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை. இவர்களும் நூறு தடவை செய்தவர்கள். மற்றவனைப் பணியவைக்கும் வெறியில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கிரேஸம்மாள் கேட்டது ஒரு கதையின் முடிவு. நான்கு நாளும் அவள் காதில் விழுந்தது இவர்கள் போட்ட கூச்சல்.