மயிலாருக்காக மூடிக்கிடந்த திரை

ஆலம்பாறைக் காட்டில் ஓர் உடும்பு கூத்துக் கொட்டகை நடத்திவந்தது. அதன் பெயர் சங்கிலிமுத்து. ஒன்றைப் பிடித்தால் விடாது. உடும்பாகப் பிறந்தால் அப்படித்தான். ஆனால் எதைப் பிடிக்கிறோம் என்று யோசிக்கிற பழக்கம் மட்டும் அதற்குக் கிடையாது.

கொட்டகை என்றதும் மாளிகையைக் கற்பனை செய்ய வேண்டாம். பெரிய ஆலமரம் ஒன்று. அதன் அடியில் சரிவான பாறை. அதுதான் மேடை. மேடைக்கு முன்னால் இலைகொடிகளால் பின்னிய திரை. திரையை இழுத்துக் கட்ட ஒரு முரட்டுக் கொடி. சங்கிலிமுத்து அந்தக் கொடியைப் பிடித்திருந்தால் திரை மூடியிருக்கும். விட்டால் சர்ரென்று மேலே போகும். எதிரே புல் இருக்கைகள். நுழைவுக்கு ஒரு நெல்லிக்காய். கூத்து நடக்கும்போது யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். நரிகூட அதை மதித்தது, இடைவேளை வரைக்குமாவது.

வாசலில் அணில் அம்சவேணி கடை போட்டிருந்தது. இலந்தைப்பழம், நாவற்பழம், நிலக்கடலை. விற்றதில் பாதி கொட்டகைக்கு. உண்மையைச் சொன்னால், கொட்டகை பிழைத்தது நெல்லிக்காயால் அல்ல. கூத்துப் பார்க்க வந்தவர்களுக்கு நடுவில் பசியெடுத்ததே, அதனால்தான்.

போன வருஷம் அந்த மேடையில் மயிலார் ஆடினார். காடே திரண்டது. இடம் கிடைக்காத குரங்குகள் கிளையில் தொங்கின. கிளை கிடைக்காதவை தொங்கிய குரங்குகளின் வாலில் தொங்கின. அம்சவேணியின் கடை இடைவேளைக்கு முன்பே காலி. சங்கிலிமுத்துவுக்குத் தொப்பை போட்டது. அன்றிலிருந்து அதன் கண்ணுக்கு மயிலாரைத் தவிர வேறு யாரும் தெரியவில்லை.

ஒருநாள் மயிலாரின் மேனேஜர் மைனா பறந்து வந்தது.

"சார்! மயிலாரோட அடுத்த ஆட்டம் பிரம்மாண்டம்! இலுப்பை பூக்கும்போது ரிலீஸ்! ஒரே ஒரு கண்டிஷன். அதுவரைக்கும் இந்த மேடையில வேற எவன் காலும் படக் கூடாது. பட்டுச்சுன்னா, மயிலார் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டார்!"

"ஒரு எறும்பு ஏறாது!" என்று சங்கிலிமுத்து வாக்குக் கொடுத்தது. கொடியை இழுத்துத் திரையை மூடியது. கொடியைக் கவ்விக்கொண்டு அங்கேயே படுத்துவிட்டது. அன்றிலிருந்து பேச்செல்லாம் பல்லைக் கடித்தபடிதான்.

செய்தி கேட்ட குரங்குகளுக்குத் தலைகால் புரியவில்லை. அவைதான் மயிலார் ரசிகர் மன்றம். களிமண்ணைக் குழைத்து வாசலில் மயிலாருக்கு ஆளுயர, இல்லை, ஆனையுயர கட்அவுட் வைத்தன. பாலாபிஷேகம் செய்யப் பால் வேண்டுமே? எருமையிடம் போய் உதை வாங்கி வந்தன. கடைசியில் எருக்கம்பாலை ஊற்றின. பக்திக்கு எந்தப் பாலாக இருந்தால் என்ன?

இலுப்பை பூத்தது. மயிலார் வரவில்லை.

"தோகைக் கண்ணுல கிராபிக்ஸ் வேலை கொஞ்சம் பாக்கி சார்! மாம்பழத்துக்கு வந்துடும்!" என்றது மைனா.

மாம்பழம் பழுத்தது. மயிலார் வரவில்லை.

"அதே நாள்ல குயில் பாடுதாம் சார். எதுக்கு வீணா மோதிக்கிட்டு? நாவற்பழத்துக்குக் கண்டிப்பா!"

நாவல் பழுத்து, விழுந்து, தரையெல்லாம் ஊதாவானது. மைனாவும் வரவில்லை.

இதற்கிடையில் கொட்டகையைத் தேடி வேறு சிலர் வந்தார்கள். முதலில் கீரியும் பாம்பும் ஜோடியாக வந்தன.

"அண்ணாச்சி, நாங்க சண்டை போடுறோம். இந்தத் தடவை நிஜமாவே போடுறோம்!"

"போடுவீங்க, போடுவீங்க. ஊர் ஊரா 'இப்போ விடப்போறேன், இப்போ விடப்போறேன்'னு சொன்ன கூட்டந்தானே நீங்க?" என்று விரட்டியது சங்கிலிமுத்து.

அடுத்து வந்தது சாணவண்டு குட்டியப்பன். அதற்குப் பின்னால் ஓர் உருண்டை. உருண்டையை விட்டு அது எங்கும் போவதில்லை.

"அண்ணாச்சி, நான் சாணி உருட்டுவேன். தலைகீழா நின்னு, பின்னங்காலால!"

சங்கிலிமுத்து சிரித்த சிரிப்பில் கொடி வாயிலிருந்து நழுவப் பார்த்தது. "மயிலார் ஆடின மேடையில சாணியா? தூக்கிட்டு ஓடுலே!"

"தூக்க முடியாது அண்ணாச்சி. உருட்டிக்கிட்டுத்தான் போவணும்" என்று சொன்ன வண்டு, அப்படியே உருட்டிக்கொண்டு போனது.

இதையெல்லாம் அம்சவேணி பார்த்துக்கொண்டிருந்தது. கடையில் இலந்தை வாடியது. கடலை பூசணம் பூத்தது. குட்டிகளுக்கு முந்தின நாள் வெறும் மரப்பட்டைதான் சாப்பாடு. அன்று அது பொறுக்க மாட்டாமல் சங்கிலிமுத்துவின் முன்னால் போய் நின்றது.

"அண்ணாச்சி, ஏதாச்சும் ஒண்ணைப் போடுங்க. வண்டோ, பாம்போ, யாராச்சும் வந்து ஆடட்டும். நாலு பேரு வந்தா நாலு கடலை விக்கும்."

"மயிலார் மட்டும் வரட்டும் அம்சவேணி, ஒரே நாள்ல எல்லாத்தையும் அள்ளிடலாம்!"

"அத்தைக்கு மீசை முளைச்சாச் சித்தப்பாதான்! நீங்க அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா நிக்கீங்க. எம் புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

சங்கிலிமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிடியை விடவில்லை. அம்சவேணி கடையைக் கட்டிக்கொண்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு, போயே போய்விட்டது. ஆளில்லாத கொட்டகையில் உடும்பு தனியாகக் கிடந்தது. தொப்பை போன இடம் தெரியவில்லை. தின்ன நாலு கறையான்தான் மிச்சம்.

கெட்ட காலம் தனியாக வராது. காட்டுப்பன்றியையும் கூட்டிக்கொண்டு வந்தது. கொட்டகை இருந்த இடம் அந்தப் பன்றிக்குச் சொந்தம். காட்டில் எல்லாரும் அதைப் பண்ணையார் என்பார்கள். வந்ததும் இருக்கைகளில் முளைத்திருந்த கோரையைப் பிடுங்கி மென்றது.

"ஏலே சங்கிலி! இங்க கூத்து நடத்துதியா, கோரை வளக்கியா?"

"மயிலார் வரப்போறாருங்க ஐயா..."

"இந்தப் பேச்சைக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு! முதல் மழை வரைக்கும் பாப்பேன். அன்னைக்கு வந்த கூட்டம் கடைசி வரைக்கும் உக்காந்து கூத்துப் பாத்துச்சுன்னா கொட்டகை உனக்கு. பாதியில எந்திரிச்சுப் போச்சுன்னா இது கல்யாண மண்டபம்! எம் மக்கமாரு ஒரே ஈத்துல பன்னெண்டு பேரு, வரிசையா நிக்கானுவ. மேடையில சேறு குழைச்சா மாப்பிள்ளை குளிக்கவும் ஆச்சு!"

சங்கிலிமுத்து பயந்துபோனது. அதற்கு வேறு தொழில் தெரியாது. இந்தக் கொட்டகை போனால் அது வெறும் பல்லிதான், கொஞ்சம் பெரிய பல்லி. கொடியை ஒரு வேரில் சுற்றிவைத்துவிட்டு, மைனாவைத் தேடிப்போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சியது.

"முதல் மழைக்கா? மயிலாருக்கு மழைன்னாலே உயிராச்சே! இது சத்தியம் சார்!" என்றது மைனா.

முதல் மழை வந்தது. காடே கொட்டகைக்கு ஓடி வந்தது. நெல்லிக்காய் குவிந்தது. நாள்கணக்காகப் பட்டினி கிடந்த சங்கிலிமுத்து ஆசையில் அத்தனையையும் தின்றுவிட்டு, மறுபடி கொடியைக் கவ்விக்கொண்டது. பண்ணையார் முன்வரிசையில் உட்கார்ந்து மண்டபத்துக்கு மனசுக்குள் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தது. குரங்குகள் கட்அவுட்டுக்குப் புதிதாக எருக்கம்பால் ஊற்றிக் கூச்சல் போட்டன. மழையில் முதலில் கட்அவுட்டின் கொண்டை கரைந்தது. பிறகு தோகை கரைந்தது. மயிலார் மெல்ல மெல்லக் கோழியானார்.

அப்போது மைனா வந்து சேர்ந்தது. ஈர இறகை உதறிக்கொண்டது.

"சார், ஒரு சின்ன மாற்றம். மேற்கு மலையில இதைவிடப் பெரிய மழையாம். மயிலார் அங்க ஆடுறார். இங்க அடுத்த மழைக்கு!"

கூட்டத்துக்கும் விஷயம் எட்டிவிட்டது.

"ஏமாத்துறியா? நெல்லிக்காயைத் திருப்பிக் குடு!"

எங்கிருந்து கொடுப்பது? குரங்குகள் இருக்கைப் புல்லைப் பிடுங்கி எறிய ஆரம்பித்தன. பண்ணையார் நிதானமாக எழுந்து சோம்பல் முறித்தது. "சரி, பொண்ணு வீட்டுக்குச் சொல்லிவிடலாம்" என்றது.

அந்த நேரத்தில் முன்வரிசையில் ஒரு முயல் களுக்கென்று சிரித்தது.

மழைக்குப் பயந்து சாணவண்டு குட்டியப்பன் திரைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தது. அன்றைய உருண்டைக்குள்தான் அதன் பெண்டாட்டி முட்டை வைக்கப்போகிறாள். நனைந்தால் குடும்பமே கரைந்துவிடும். அதனால் சரிவுப் பாறையின் உச்சியில் இருந்த காய்ந்த இடத்துக்கு உருண்டையை ஏற்றிக்கொண்டிருந்தது. திரையின் அடி இடைவெளியில் ஆறு கால்களும் ஓர் உருண்டையும் மட்டும் தெரிந்தன. பாறையோ ஈரம். பாதி தூரம் ஏறும். வழுக்கும். உருண்டை கீழே வரும். அதற்கு அடியில் வண்டும் வரும்.

"அடடா, விட்டுட்டானே!" என்றது முயல்.

"எங்க? எங்க? எனக்கு மறைக்குது!" என்று பின்வரிசை எழுந்தது. "திரையைத் திற! முழுசாப் பாக்கணும்!"

மைனா சங்கிலிமுத்துவின் தலைமேல் வந்து உட்கார்ந்து கத்தியது. "சார், வேணாம்! மேடையில வண்டு ஏறினது மயிலாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்! இந்த ஜென்மத்துல உங்க கொட்டகைக்கு அவர் கால் வைக்க மாட்டார்!"

சங்கிலிமுத்து கொடியைக் கவ்வியபடி கூட்டத்தைப் பார்த்தது. கூட்டத்துக்குப் பின்னால் அம்சவேணி தெரிந்தது. கூட்டம் கூடிய சத்தம் கேட்டு, கடனாக வாங்கிய ஒரு கூடைக் கடலையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்திருந்தது. மழையில் அதன் வால் நனைந்து கயிறாகத் தொங்கியது. சங்கிலிமுத்துவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இத்தனை நாள் வராதவருக்காக வாயை மூடிக்கொண்டு கிடந்தோமே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"போய்ச் சொல்லு, உன் மயிலார்கிட்ட!" என்று கத்த வாயை அகலத் திறந்தது.

வாயைத் திறந்ததும் கொடி விட்டது. திரை சர்ரென்று மேலே போனது.

குட்டியப்பனுக்கு எதுவும் தெரியாது. சாணவண்டு தலையைக் கீழே ஊன்றிப் பின்பக்கமாகத்தானே உருட்டும்? அதற்குத் தெரிந்ததெல்லாம் பாறையும் தன் மூக்கும்தான். உருட்டியது. ஏறியது. வழுக்கியது. மறுபடி உருட்டியது. காடு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. "இன்னும் கொஞ்சம்! ஏத்துலே, ஏத்துலே!" என்று நரி கத்தியது. வண்டு நழுவும்போதெல்லாம் யானைக்கூட்டம் "ஐயோ!" என்றது. எழுந்து நின்ற பண்ணையார் எப்போது உட்கார்ந்தது என்று பண்ணையாருக்கே தெரியாது.

உச்சிக்கு ஒரு சாண் இருக்கும்போது உருண்டை தள்ளாடி நின்றது.

"இடைவேளை!" என்று கத்தியது அம்சவேணி. கெட்டிக்காரி!

கடலைக் கூடை கண்மூடித் திறப்பதற்குள் காலி. பண்ணையாரே இரண்டு கை அள்ளியது. மென்றுகொண்டே, "சீக்கிரம் ஆரம்பிங்கலே, அவன் ஏறுவானா மாட்டானா?" என்று அதட்டியது.

குட்டியப்பன் ஏறிவிட்டது. உருண்டையைக் காய்ந்த இடத்தில் பத்திரமாக நிறுத்தி, முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தது. காடே எழுந்து நின்று ஆரவாரித்தது. வண்டு மிரண்டுபோனது.

"என்ன, எல்லாரும் மழைக்கு ஒதுங்கினீங்களா?" என்று கேட்டது.

அதற்கப்புறம் கொட்டகையில் திரை மூடிக்கிடக்கவில்லை. ஒருநாள் வண்டு. ஒருநாள் தவளைகளின் கச்சேரி. கீரியும் பாம்பும் இன்னும் சண்டை போடவில்லை. ஆனால் போடப்போவதாக அவை சொல்வதைக் கேட்கவே ஒரு கூட்டம் வருகிறது. சில நாள் நாலே பேர் வருவார்கள். நாலு பேரும் கடலை வாங்குவார்கள். அம்சவேணியின் குட்டிகள் இப்போது மரப்பட்டை பக்கம் போவதில்லை. குரங்குகள் மட்டும் கட்அவுட்டை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தன. மழையில் கரைந்து கரைந்து அது நல்ல உருண்டையாகியிருந்தது. ஒரு குரங்கு உற்றுப் பார்த்தது. "அட, இது நம்ம குட்டியப்பன் உருண்டைலா!" என்றது. உடனே எருக்கம்பாலை எடுத்து ஊற்றின.

மேற்கு மலையில் மழை ஓய்ந்தபோது மயில் வந்தது. மைனா முன்னால் பறந்து வந்து வழிவிடச் சொன்னது. விட ஆள் இல்லை. எல்லாரும் உள்ளே கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சங்கிலி சார், மயிலார் டேட் குடுக்கத் தயார்!" என்றது மைனா.

சங்கிலிமுத்து கடலையை மென்றபடி யோசித்தது.

"நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லு" என்றது. "சாணி உருட்டு முடிஞ்சதும் ஆடட்டும். பாறை கொஞ்சம் வழுக்கும், பாத்துக் காலை வைக்கணும்!"

வராத பெரியவருக்காக, வாசலுக்கு வந்த சின்னவரை விரட்டுகிறவன் வீட்டு அடுப்பில் பூனைதான் தூங்கும்.